கார் மேல சைக்கிள் ஏத்த எந்த ராக் வாங்கலாம்? ரூஃப் ராக் அனுபவம் இருக்கறவங்க வாங்க

#1 ரெண்டு_சக்கரம்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இதான் முதல் போஸ்ட்டு. வீட்ல மூணு சைக்கிள். என்னோடது கார்பன் ஃப்ரேம் ரோட் பைக், வீட்டுக்காரம்மாவோடது மட்கார்டு எல்லாம் போட்ட அலுமினிய ஹைப்ரிட், பையனோடது 24 இன்ச் எம்டிபி, அதான் மலைப்பாதை சைக்கிள். இதுவரைக்கும் பின் சீட்டை மடக்கிட்டு உள்ள திணிச்சிட்டுப் போவோம், ஒவ்வொரு தடவையும் செயின் க்ரீஸ் சீட்ல, கதவுல, கடைசில என் சட்டையில. போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. கார் ஒரு சின்ன எஸ்யூவி, கூரையில ரெயில் இருக்கு, குறுக்குக் கம்பி இல்ல. மூணையும் மேல ஏத்தணும். எந்த மாதிரி பைக் ராக் வாங்கலாம், என்னென்ன பாக்கணும், சொல்லுங்க.

#2 மலையேறி

தலைப்பைப் பாக்காம நேரா கடைசி வரிய படிச்சேன், "பைக் ராக்"னதும் மோட்டார் சைக்கிளைத் தூக்கி கார் மேல வைக்கப்போறாருன்னு நெனச்சு பயந்தே போயிட்டேன் 😂 நம்மூரு பேச்சுல பைக்னா பெட்ரோல் போடுறதுதானே. சரி விஷயத்துக்கு வர்றேன், பின்னாடி டிக்கி கதவுல மாட்டுற ராக் ஏன் வேணாம்னு முடிவு பண்ணீங்க? தூக்குறது சுலபமாச்சே.

#3 ரெண்டு_சக்கரம்

நண்பர் ஒருத்தர் கார்ல அது பாத்தேன். நம்பர் பிளேட்டு, லைட்டு எல்லாம் மறையுது, டிக்கி திறக்க முடியாது, பட்டை உரசி பெயின்ட் போயிருந்துச்சு. ஒரு சைக்கிளோட டயர் சைலன்சர் வாய்க்கு நேரா தொங்கி லேசா உருகியே போச்சு. அதான் மேலயே போயிடலாம்னு.

#4 ஸ்பேனர்_செட்

ராக்கை அப்புறம் பாக்கலாம், முதல்ல கார் மேனுவலை எடுங்க. அதுல ரூஃப் லோடுன்னு ஒரு நம்பர் இருக்கும். பெரும்பாலான கார்களுக்கு 50லேருந்து 100 கிலோக்குள்ளதான் வரும், 75ன்னு நிறைய பாத்திருக்கேன். நிறைய பேரு இது சைக்கிளோட வெயிட்டு மட்டும்னு நெனச்சுக்கறாங்க, இல்லைங்க, குறுக்குக் கம்பி, ராக்கு, சைக்கிளு எல்லாம் சேத்துதான் அந்த நம்பர். கம்பி ஜோடி சுமார் 5 கிலோ, ஒவ்வொரு ராக்கும் மாடலைப் பொறுத்து 4லேருந்து 8 கிலோ. சைக்கிள் ஏறறதுக்கு முன்னாடியே பாதி கதை முடிஞ்சிருக்கும். கம்பிக்கு தனியா ஒரு லிமிட்டு இருக்கும், ராக்குக்கு தனியா ஒரு லிமிட்டு இருக்கும், எது கம்மியோ அதுதான் உங்களுக்கு.

இன்னொண்ணு, உங்க ரெயில் நெசமாவே சுமை தாங்குற ரெயிலான்னு பாருங்க. சில கார்ல ஷோவுக்கு ஒட்டி வச்சிருப்பாங்க, மேனுவல்லயே "சுமை ஏற்றாதீர்"னு போட்டிருக்கும். அதுல கம்பி மாட்டினா ஒரு நாள் கம்பி, ராக்கு, சைக்கிளு, ரெயிலு நாலும் சேந்து பின்னாடி வர்ற வண்டிக்குப் பரிசா போகும்.

#5 பெடல்காரன்

நான் எட்டு வருஷமா ஃபோர்க் மவுண்ட்தான். முன் சக்கரத்தைக் கழட்டி, அதைத் தாங்குற கவை இருக்கே, அதான் ஃபோர்க்கு, அதை நேரா ராக்ல பூட்டிடுவீங்க, பின் சக்கரத்துக்கு ஒரு பட்டை, முடிஞ்சது வேலை. ராக்கும் வெயிட் கம்மி, சைக்கிளும் சக்கரம் இல்லாததால வெயிட் கம்மி, உயரமும் கொறையுது, காத்துல ஆடாது. உங்க கார்பன் ஃப்ரேமை எதுவும் தொடாது. ரேஸுக்கு போற டீம் கார்களைப் பாருங்க, வரிசையா ஃபோர்க் மவுண்ட்தான் இருக்கும், அவங்களுக்கு தெரியாததா நமக்கு தெரியப்போகுது.

#6 கார்க்காரி

டீம் கார்ல சக்கரம் கழட்ட மெக்கானிக் இருக்காரு, வீட்டுல நாம இருக்கோம் ப்ரோ 🙂 ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் கழட்டணும், அந்த அழுக்குச் சக்கரம் மறுபடியும் கார் உள்ளதான் வரும். அவர் க்ரீஸ்லேருந்து தப்பிக்கத்தானே மேல போறாரு!

நான் யூஸ் பண்றது சக்கரத்தைப் பிடிக்கிற டைப்பு. முன் சக்கரத்து மேல கொக்கி மாதிரி ஒரு கை வந்து இறுக்கிப் பிடிக்கும், ஃப்ரேமைத் தொடவே தொடாது, அப்டியே முழு சைக்கிளா ஏத்தி இறக்கலாம். துலே அப்ரைடு 599 இந்த ரகம். இன்னொரு ரகம் ஃப்ரேமோட கீழ் குழாயைத் தாடை மாதிரி கவ்விப் பிடிக்கறது, அதே கம்பெனியோட ப்ரோரைடு 598 அதுதான். ரெண்டுக்கும் ஒரு சைக்கிளுக்கு 20 கிலோதான் லிமிட். கவ்வுற ரகம் அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் பிரமாதம், ரொம்ப சீக்கிரம் ஏத்திடலாம். கார்பனை அப்டி நெரிக்கக்கூடாது. கார்பன் குழாய் ஓட்டும்போது வர்ற விசைக்கு டிசைன் பண்ணது, பக்கவாட்டுல ஒரே எடத்துல நசுக்கறதுக்கு இல்ல. விரிசல் விட்டா வெளிய தெரியக்கூட தெரியாது.

#7 பெடல்காரன்

ப்ரோரைடுல டார்க் லிமிட்டர் திருகு இருக்கே, குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் டிக் டிக்குனு சுத்தும், அதுக்கு மேல இறுகாது. கார்பனுக்குன்னு தனியா ஒரு பஞ்சுக் கவசமும் விக்கறாங்க. அதனால கூடவே கூடாதுன்னு சொல்ல முடியாது.

#8 கார்க்காரி

ராக் கம்பெனி சம்மதிச்சாலும் சைக்கிள் கம்பெனி சம்மதிக்கணுமே. நிறைய ஃப்ரேம் மேனுவல்ல குழாயை கிளாம்ப் பண்ணாதீங்கன்னு தெளிவா இருக்கும், நாளைக்கு வாரன்ட்டின்னு போனா அந்த வரியைத்தான் காட்டுவாங்க. வேற வழியே இல்லைன்னா சரி, வழி இருக்கும்போது எதுக்கு ரிஸ்க்கு.

#9 ரெண்டு_சக்கரம்

ரெண்டு பேருக்கும் நன்றி, சண்டை போடாதீங்க 😀 ஃபோர்க் மவுண்ட்னா என் சைக்கிள்ல இருக்கறது நெம்புகோலைத் திருப்பினா கழளற க்விக் ரிலீஸ் இல்ல, ஒரு தடி மாதிரி அச்சு வெளிய வருது. அது சேருமா?

#10 ஸ்பேனர்_செட்

அது த்ரூ ஆக்சில். பழைய க்விக் ரிலீஸ்னா ஃபோர்க் அகலம் 100 மிமீ, ராக்ல 9 மிமீ பூட்டு, எல்லாத்துக்கும் ஒண்ணுதான், நிம்மதியா இருந்துச்சு. இப்ப டிஸ்க் பிரேக் ரோட் பைக்னா பெரும்பாலும் 12×100 (அச்சு தடிமன் × ஃபோர்க் அகலம், மிமீல), எம்டிபின்னா 15×100 இல்லன்னா பூஸ்ட்டுங்கற அகல சைஸ் 15×110. ராக் எதெது எடுக்கும், எந்த அடாப்டர் கூட வருது, எது தனியா வாங்கணும்னு பெட்டி மேல பாத்துட்டு வாங்குங்க. ஃபோர்க் அடியிலயே அளவு பொறிச்சிருக்கும், இல்ல அச்சுலயே எழுதியிருக்கும்.

அப்புறம் டிஸ்க் பிரேக்கு சைக்கிள்ல சக்கரத்தைக் கழட்டினா பேடுகளுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு சொருகி வைக்கணும், சைக்கிள் வாங்கும்போது கூட வந்திருக்கும், எல்லாரும் தூக்கிப் போட்டிருப்பாங்க. அது இல்லாம வழியில எவனாவது பிரேக்கை ஒரு அமுக்கு அமுக்கினா பிஸ்டன் வெளிய வந்து பேடு ஒட்டிக்கும், அப்புறம் போற எடத்துல சக்கரம் உள்ளயே போகாது. சின்னப் பசங்க இருக்கற வீட்ல அந்த ஒரு அமுக்கு கண்டிப்பா நடக்கும். எனக்கு நடந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரால பேடை நோண்டி விலக்கறதுக்குள்ள மத்தவங்க ஒரு ரவுண்டு ஓட்டிட்டே வந்துட்டாங்க.

#11 காத்தோட்டம்

மைலேஜ் பத்தி யாருமே பேசல? காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் நடுவுல 20தானேன்னு தோணும், ஆனா எதிர்ப்பு ஒண்ணரை மடங்குக்கு மேல ஆகுது, 120 போனா 80ல இருந்ததைவிட ரெண்டேகால் மடங்கு. வெறும் காருக்கே இப்டின்னா மேல ரெண்டு சைக்கிளை நிறுத்தி வச்சா யோசிச்சுக்கோங்க. நான் ராக் போட்டா 90ஐத் தாண்டறதில்ல, பெட்ரோல் முள்ளு இறங்கற வேகத்துல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சைக்கிளுக்கு உறை போட்டு ஏத்தறவங்களைப் பாத்தா வயிறு எரியுது, அது உறை இல்ல, பாய்மரம். மழைக்குப் பயந்தா சீட்டுக்கு மட்டும் ஒரு கவர் மாட்டி இறுக்கிக் கட்டிட்டுப் போங்க.

திரும்பி வந்ததும் ராக்கைக் கழட்டிடுங்க. வருஷத்துல பத்து நாளு ஓட்டறதுக்கு மீதி நாளெல்லாம் அதையும் தூக்கிட்டுத் திரியறாங்க நிறைய பேரு.

#12 மலையேறி

பக்கக் காத்தையும் சேத்துக்கோங்க. பாலத்து மேலயோ, பெரிய லாரியை ஓவர்டேக் பண்ணும்போதோ காரு ஒரு தள்ளு தள்ளும், முதல் தடவை கை நடுங்கிடுச்சு எனக்கு. வெயிட்டு மேல இருக்கறதால வளைவுலயும் வழக்கமா போற வேகத்துல போகாதீங்க, பிரேக்கையும் முன்கூட்டியே மெதுவா பிடிங்க.

#13 மெதுவா_போ

எல்லாரும் ராக் பத்தி பேசறீங்க, நான் ஒரு அழுகைக் கதை சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, 60 கிலோமீட்டர் ஓட்டி, செம்ம களைப்பு, கார்ல ஏசி போட்டு பாட்டு கேட்டுட்டே வர்றேன், மேல சைக்கிள் இருக்கறதே ஞாபகத்துல இல்ல. பேஸ்மென்ட் பார்க்கிங் வாசல்ல 2.1 மீட்டர்னு மஞ்சள்ல எழுதியிருக்கு, தினமும் பாக்கற போர்டுதான், தினமும் பாக்கறதாலயே கண்ணுக்குத் தெரியல. இறங்கினேன். ஒரு சத்தம். அந்த சத்தத்தை எழுத்துல எழுத முடியாது. என்னமோ யாரோ பின்னாடி இடிச்சிட்டாங்கன்னு நெனச்சு கண்ணாடியில பாக்கறேன், யாரும் இல்ல. ஒரு அஞ்சு செகண்டு கழிச்சுதான் மண்டையில ஏறிச்சு. ஃபோர்க் முறிஞ்சு, ஹேண்டில் பார் ஒரு பக்கம் தொங்குது, ராக் பின்னாடி மடங்கி கிடக்கு, கம்பியோட கால் பதிஞ்ச எடத்துல கூரை உள்ள போயிருச்சு. சைக்கிளுக்கு அழறதா காருக்கு அழறதான்னு தெரியாம கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். செக்யூரிட்டி அண்ணன் வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஒரு சேர் மட்டும் கொண்டுவந்து போட்டாரு.

அதனால ரூஃப் ராக் வாங்கறவங்க எல்லாரும் முதல் நாளே டேப் எடுத்து தரையிலேருந்து சைக்கிளோட மேல் நுனி வரைக்கும் அளந்து, அந்த நம்பரை ஸ்பீடோமீட்டர் பக்கத்துல ஒட்டி வைங்க.

#14 கார்க்காரி

அய்யோ. படிக்கவே கஷ்டமா இருக்கு.

நான் பண்றது, கேட் ரிமோட், பார்க்கிங் கார்டு ரெண்டையும் டிக்கில போட்டுருவேன். உள்ள நுழையணும்னா இறங்கித்தான் ஆகணும், இறங்கினா சைக்கிள் கண்ணுல படும்.

#15 காத்தோட்டம்

எங்க வீட்ல கிளம்பும்போதே அப்பா குப்பைத்தொட்டியை எடுத்து ஷெட்டு வாசல் நடுவுல வச்சிருவாரு. திரும்பி வந்தா அதை நகத்தாம உள்ள போக முடியாது. நான் பாத்ததுலயே சிறந்த டெக்னாலஜி இதுதான்.

#16 ரெண்டு_சக்கரம்

@மெதுவா_போ அண்ணா, படிச்சதும் டேப் எடுத்துட்டு கீழ ஓடினேன். கார் 1.65, கம்பியும் ராக்கும் சேந்து ஒரு 12 செமீ வரும்னு வச்சுக்கிட்டா, சைக்கிள் ஹேண்டில் வரைக்கும் 1 மீட்டர், மொத்தம் 2.77. எங்க பார்க்கிங் 2.2. ஆக வெளியவே நிறுத்தி இறக்கிட்டுத்தான் உள்ள போகணும்.

மேனுவலும் பாத்தேன். ரூஃப் லோடு 50 கிலோதான்! கணக்குப் போட்டா கம்பி 5, என் சைக்கிள் 9, அதுக்கு சக்கரம் பிடிக்கிற ராக்கு 8, வீட்டுக்காரம்மாவோடது 14, அதுக்கு ஃப்ரேம் கவ்வுற ராக்கு 4. இதுவே 40. பையனோடது 12, ராக்கு 4, மொத்தம் 56. போச்சு.

#17 ஸ்பேனர்_செட்

மூணாவதை மேல ஏத்தாதீங்க. 6 கிலோதானேன்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. அந்த 50 சும்மா நிறுத்தி வச்ச காருக்கு இல்ல, பள்ளத்துல இறங்கி ஏறும்போது, சடன் பிரேக் போடும்போது தாங்கணும்னு போட்டது. பையன் சைக்கிள் 24 இன்ச்தானே, ரெண்டு சக்கரத்தையும் கழட்டிட்டா டிக்கில ஒரு பக்கம் சீட்டை மடக்கினா போதும். செயின் மேல பழைய பெட்ஷீட்டைச் சுத்திருங்க, க்ரீஸ் பிரச்சனை தீந்துச்சு.

மட்கார்டு சைக்கிளுக்கு கவ்வுற ரகம்னு நீங்க பிரிச்சதும் சரி. கொக்கி முன் சக்கரத்தைப் பிடிக்கறதால முழு மட்கார்டு இருந்தா அது மேல இடிக்கும். கவ்வுறதுக்கு உருட்டுக் குழாய்னா 22லேருந்து 80 மிமீ, நீள்வட்டமா இருந்தா 80×100 வரைக்கும் ப்ரோரைடு எடுத்துக்கும், உங்க ஹைப்ரிட் உள்ளதான் வரும். கீழ் குழாய்ல ஒயர் வெளிய ஓடுதான்னு பாத்துக்கோங்க, தாடைக்கு நடுவுல கேபிள் மாட்டினா நசுங்கும்.

#18 பெடல்காரன்

ஃபோர்க் மவுண்ட் எடுத்திருந்தா வெயிட்டே கொறஞ்சிருக்கும், நான் சொன்னா யாரு கேக்கறீங்க 😏 சரி, ஏத்தற விதம் சொல்றேன். பட்டை, கிளாம்ப் எல்லாத்தையும் முன்னாடியே தளத்தி விரிச்சு வச்சிக்கோங்க, சைக்கிளை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில பட்டை நோண்டறது தான் சைக்கிள் கார் மேல விழற நேரம். தண்ணி பாட்டில், பம்பு, லைட்டு, சீட் பை எல்லாம் கழட்டிருங்க. பெடலை ராக்கோட கைக்கு எதிர்ப்பக்கமா மேல சுத்தி விட்டுத் தூக்குங்க, இல்லன்னா கதவுல ஒரு கோடு இழுக்கும். ஒரு சின்ன ஸ்டூல் டிக்கிலயே போட்டு வைங்க. கதவு படியில ஏறி நின்னு தூக்கலாம்னு தோணும், ஈரச் செருப்போட ஒரு தடவை வழுக்கினா தெரியும்.

#19 மலையேறி

சக்ஷன் கப்பு ராக் எப்டி? கம்பியே வேணாமாமே, கண்ணாடியில கூட ஒட்டலாமாம்.

#20 ஸ்பேனர்_செட்

சீசக்கர் கம்பெனியோடது மாதிரி நல்ல கப்பு பிடிச்சா பிசாசு மாதிரி பிடிக்கும். பம்ப்புல ஆரஞ்சு கோடு இருக்கும், அது வெளிய தெரிஞ்சா கப்புக்குள்ள காத்து புகுந்து பிடி தளருதுன்னு அர்த்தம், நிறுத்தற எடத்துலெல்லாம் அதைப் பாக்கணும். ஆனா கூரை சுத்தமா இருக்கணும், ஜாயின்ட்டு மேலயோ ஸ்டிக்கர், ஃபிலிம் ஒட்டின எடத்துலயோ வைக்கக்கூடாது. வாடகைக் கார்ல போறவங்களுக்கும் கம்பி மாட்டவே முடியாத கூரைக்கும் நல்லது. அவருக்கு ரெயில் இருக்கு, கம்பியே போடட்டும். எனக்கு என்னமோ காத்தை நம்பி சைக்கிளை விட மனசு வரல, அது என் பிரச்சனை.

#21 மின்மினி

இடையில ஒரு கேள்வி. என்னோடது இ-பைக், 24 கிலோ. மேல ஏத்தலாமா?

#22 கார்க்காரி

ராக்கே 20 கிலோதான் தாங்கும்னு மேல சொன்னேனே. பேட்டரியைக் கழட்டி கார் உள்ள வச்சா ஒரு 3 கிலோ கொறையும், அப்பவும் 21. அதுவும் தலைக்கு மேல 21 கிலோவைத் தூக்கறது முதுகுக்கு நல்லதில்ல. உங்களுக்கு பின்னாடி டோ பார்ல, அதான் வண்டி இழுக்கற கொக்கிக் கம்பியில, மாட்டுற பிளாட்ஃபார்ம் ராக்தான் சரி.

#23 ரெண்டு_சக்கரம்

அப்டேட். கம்பி, ரெண்டு ராக் எல்லாம் வாங்கி மாட்டிட்டேன், மூணு வாரமா ஓடுது. சொன்ன மாதிரியே கார்பனுக்கு சக்கரக் கொக்கி, ஹைப்ரிட்டுக்கு கவ்வுறது, பையனோடது டிக்கில பெட்ஷீட்டுக்குள்ள.

கம்பி மாட்டறதுக்கு அரை நாள் ஆச்சு. ரெண்டு கம்பிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ராக் பேப்பர்ல போட்டிருந்ததைப் பாக்காம குத்துமதிப்பா மாட்டி, அப்புறம் டிக்கியைத் திறந்தா பின் கதவு போய் சைக்கிள் டயர்ல இடிக்குது, மறுபடி முழுக்கக் கழட்டி முன்னாடி தள்ளி மாட்டினேன். ஆன்டெனா வேற நடுவுல. முதல் பத்து கிலோமீட்டர்ல நிறுத்திப் பாத்தா ஒரு திருகு கால் சுத்து தளந்திருந்துச்சு, அப்புறம் இதுவரைக்கும் தளரல. ஹேண்டில் ரெண்டும் முட்டிக்கிச்சு, ஒரு ராக்கை முன்னாடியும் இன்னொண்ணை அஞ்சு விரக்கடை பின்னாடியும் வச்சதும் சரியாயிடுச்சு.

ஒரே ஒரு தொல்லை. சைக்கிள் இல்லாம வெறும் கம்பியோட போகும்போது 70ஐத் தாண்டினா ஊஊஊன்னு விசில் அடிக்குது. பையன் பேய்ங்கறான். கம்பி சதுர டைப்பு.

#24 காத்தோட்டம்

கம்பியைக் கழட்டி வைன்னு சொன்னா கேக்க மாட்டீங்களே. சரி, கம்பி மேல கயிறை ஸ்பிரிங் மாதிரி சுத்துங்க, ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு. கம்பியைத் தாண்டுற காத்து நீளம் முழுக்க ஒரே தாளத்துல சுழல் சுழலா பிரியறதாலதான் அந்த ஊளை. கயிறு அந்தத் தாளத்தை கலைச்சு விட்டுரும். உயரமான புகைபோக்கிகள் மேல திருகு மாதிரி ஒரு பட்டை சுத்தி வருமே பாத்திருக்கீங்களா, அதுவும் இதுக்குத்தான்.

#25 ரெண்டு_சக்கரம்

நேத்து சுத்தினேன். 90 வரைக்கும் போய்ப் பாத்தேன், சத்தமே இல்ல! பையனுக்குத்தான் பேய் போயிடுச்சேன்னு வருத்தம்.

#26 மலையேறி

என்ன கயிறு ப்ரோ? எனக்கும் இதே விசில்தான்.

#27 ரெண்டு_சக்கரம்

மாடியில துணி காயப்போடுற கொடி. வீட்ல இன்னும் கவனிக்கல, யாரும் சொல்லிடாதீங்க.